ஒரு துளி எண்ணெய்

பிறர்க்கு உதவ வேண்டுமென்னும் எண்ணம் மட்டும் இருந்தால் போதுமா? அன்றி, எவ்வுதவி பயன்படும் என்று ஆராய்ந்தறியும் கடமையும் நமக்கு உண்டா? எண்ணம் தூயதாயின் செயலும் தூயதே என்று கூறுவார் நம்மிற் பலர். இக்கொள்கையின் பிழையை விளக்கப் பெரிய சாத்திரங்கள் வேண்டுவதில்லை. பழுதுற்ற பழைய பிலிம் காமிரா ஒன்றே போதும்.

கைப்பேசியே காமிராவாகிவிட்ட இந்நாளிலும், தாத்தா வாங்கிய காமிராவைப் போற்றி வைத்திருக்கும் வீடுகள் உண்டு. வட சிலாங்கூரின் கலும்பாங் போன்ற ஊர்களில் மழையும் புழுக்கமும் மிகுதி. அங்கே தகரப் பெட்டிக்குள் பல்லாண்டு கிடந்த காமிராவை எடுத்து விசையை அழுத்தினால், ஷட்டர் தயங்கித் திறப்பதும், திறந்தபடியே நின்றுவிடுவதும் உண்டு. உடனே ஒருவர், "எண்ணெய் விடுங்கள்" என்பார். மற்றொருவர், "ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது; இறுக்குங்கள்" என்பார். இருவரும் நல்லெண்ணம் உடையவரே. ஆயினும் இருவரும் அக்காமிராவைக் கெடுப்பவரே ஆவர்.

எங்ஙனம் எனில், கூறுவோம். லென்ஸுடன் இணைந்த ஷட்டரில் மெல்லிய எஃகு இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கின்றன. அவை உலர்ந்த நிலையில் இயங்குமாறு அமைக்கப்பெற்றவை. அவை எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதை வரையறுப்பது வேறோர் உறுப்பு. 1912-இல் ஜெர்மனியின் மியூனிக் நகரிலிருந்து வெளிவந்த காம்பூர் ஷட்டரில், கடிகாரத்தில் உள்ளவை போன்ற சிறு பல்சக்கரங்கள் இவ்வேலையைச் செய்தன. பின்வந்த ஷட்டர்கள் பலவும் அவ்வழியையே பின்பற்றின. ஆண்டுகள் பல செல்லச் செல்ல, உள்ளே இட்ட கிரீஸிலிருந்து எண்ணெய் பிரிந்து இதழ்களின்மேல் படருகிறது. எஞ்சியது சக்கரங்களிடையே பசையாக இறுகுகிறது. நனைந்த இரண்டு கண்ணாடித் தகடுகள் ஒட்டிக்கொள்வதுபோல இதழ்கள் ஒட்டிக்கொள்கின்றன. ஆகவே எண்ணெயே இங்கு நோயாயிருக்க, அதனையே மருந்தென்று மேலும் ஒரு துளி விடுகிறோம்! ஒரு நாள் ஓடும். மறுவாரம் முன்னிலும் கெட்டியாக நின்றுவிடும்.

ஸ்பிரிங்கை இறுக்குவதும் இத்தகையதே. துணித்திரை ஷட்டர் உள்ள காமிராவில், அழுக்கேறிய உருளையால் திரை மெதுவாக ஓடும்போது, ஸ்பிரிங்கை முறுக்கினால் வேகம் கூடும். ஆனால் அழுக்கு அகலவில்லை, அச்சுகள் தேய்கின்றன. முன்திரையும் பின்திரையும் ஒத்த வேகத்தில் ஓடாமற் போனால், படத்தின் ஒருபுறம் வெளிறி மறுபுறம் இருண்டுவிடும்.

அறிந்தவன் முதலில் கருவியெடுப்பதில்லை, பார்க்கிறான், கேட்கிறான். பிலிம் இல்லாத காமிராவின் பின்கதவைத் திறந்து, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து, ஒவ்வொரு வேகத்திலும் அழுத்திப் பார்க்கிறான். எல்லா வேகத்திலும் இதழ்கள் ஒட்டினால் எண்ணெய்ப் படலத்தை ஐயுறுகிறான். வேகமான அளவுகளில் ஒழுங்காக இயங்கி, ஒரு வினாடி, அரை வினாடி ஆகியவற்றில் மட்டும் நின்றால், சக்கரங்களை ஐயுறுகிறான். துணித்திரையாயின், இருட்டறையில் விளக்கைப் பிடித்து, ஊசித்துளை வழியே ஒளி கசிகிறதா என்று நோக்குகிறான். பின்னரே, தக்க கரைப்பான் கொண்டு பழைய எண்ணெயைக் களைந்து, உலரவிட்டு, சக்கரத்தின் அச்சுமுனைக்கு மட்டும் ஊசிமுனை அளவு கடிகார எண்ணெய் தொட்டு வைக்கிறான். எண்ணெய் அவனுக்குப் பகையன்று. ஆனால் அதற்கு இடமும் அளவும் உண்டென்பதை அவன் அறிவான்.

தோழர்களே! மனிதரிடத்தும் நாம் இவ்விரு போலி மருந்துகளையே கையாண்டு வருகிறோம். பால்மரக் காடுகளில் உழைத்து ஓய்ந்த தொழிலாளிக்கு அன்று தோட்டத்திலேயே கள்ளுக்கடை வைத்தார்கள். அஃது எண்ணெய்த் துளி. வேலை குறைந்தபோது வசையும் அடியும் தந்தார்கள். அது ஸ்பிரிங்கை முறுக்குதல். 1941-இல் சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடவும், பிள்ளைகளுக்குக் கல்வி தரவும், பெண்களுக்கு இழைக்கப்படும் தொல்லையை நிறுத்தவும் கேட்டனர். தங்கள் பிறவிக்குணம் என்று பிறர் இகழ்ந்த குறைகளுக்கு உண்மைக் காரணம் எங்கே இருக்கிறது என்று அவர்களே சுட்டிக் காட்டினர். விடையாக வந்ததோ படைபலம், உயிர்களும் பலியாயின.

அக்கள்ளுக்கடைகளைக் குறை கூறும் நாம், இன்று நம் வீட்டில் செய்வது யாது? பள்ளிக்குச் செல்ல மறுக்கும் மகனுக்குத் தாய் காசு கொடுக்கிறாள். தந்தை பிரம்பு எடுக்கிறார். அவன் கண் மங்கிக் கரும்பலகை தெரியாமல் தவிக்கிறானா, வகுப்பில் எவரேனும் இழிவுபடுத்துகிறார்களா என்று கேட்பாரில்லை. குடிப்பவனுக்குக் கடன் கொடுத்து இரங்குகிறோம், அல்லது ஊர்கூடி ஏசுகிறோம். இரண்டிலும் நம் மனம் நிறைவடைகிறது. அவன் நோய் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

இரக்கம் வேண்டாமென்று நாம் கூறவில்லை. இரக்கமில்லாதவன் அப்பழைய காமிராவைக் குப்பையில் எறிந்திருப்பான். இரக்கம் உடையவனுக்கே பொறுத்துப் பார்க்கும் கடமையும் உண்டு என்கிறோம். ஆகவே, காசோ பிரம்போ எடுக்குமுன், எதிரே நிற்பவனிடம் என்ன நேர்ந்தது என்று ஒருமுறை கேளுங்கள். அவன் சொல்லி முடிக்கும்வரை காத்திருங்கள்.