பசிக்குக் குற்றவாளி யார்?

மனநோய்க்கு மருந்துண்ணும் ஒருவர் சில திங்களுக்குள் உடல் பருத்துவிட்டால், நம் வீடுகளில் எழும் முதற்சொல், "வாயைக் கட்ட முடியவில்லையே" என்பதுதான். மார்க்கம் சற்றே அறிந்தவர்கள் இதற்கு நஃப்ஸ் என்று பெயரும் சூட்டிவிடுவார்கள். வயிறு நிரம்ப உண்பதைப் பெருமானார் (ஸல்) அவர்கள் கண்டித்ததை, நோயாளியின் தட்டருகே நின்றே நினைவூட்டுவார்கள். கண்டிப்பு உண்மை, அது போய்ச் சேர வேண்டிய இடம் இதுதானா என்பதே கேள்வி.

புகாரீயில் ஒரு செய்தி வருகிறது. கருநிறக் குழந்தை பிறந்ததால் மனைவியை ஐயுற்ற நாட்டுப்புற அரபி ஒருவர் நபிகளாரிடம் வந்தார். அவருடைய ஒட்டகங்களின் நிறத்தைப் பெருமானார் வினவினார்கள். செந்நிறம் என்றார். அவற்றிடையே சாம்பல் நிறத்தது உண்டா என்று கேட்க, உண்டு என்றார். அது எங்கிருந்து வந்தது என்றதற்கு, ஏதோ ஓர் 'இர்க்' இழுத்திருக்கலாம் என்று அவரே கூறினார். உம் குழந்தையின் காரியமும் அத்தகையதாகலாம் என உணர்த்தினார்கள். இர்க் எனும் அரபுச் சொல்லுக்கு நரம்பு, வேர், வமிசம் என்றெல்லாம் பொருளுண்டு. கண்ணுக்குப் புலப்படாத வமிச வேர் ஒன்று இருக்கக்கூடும் என்பதே, ஒருத்தியின் மானத்தைக் காக்கப் போதுமான நியாயமாயிற்று.

இன்று அந்த வேரைத் துருவிப் பார்க்கிறார்கள். குளோஸபின், ஒலன்ஸபின் போன்ற மருந்துகள் மூளையில் ஹிஸ்டமின், செரட்டோனின் ஏற்பிகள் சிலவற்றை அடைக்கின்றன. அதனால் பசி கிளம்புகிறது. போதும் எனும் உணர்வு மங்குகிறது. எனினும் ஒரே மருந்தை ஒரே அளவில் உண்ட இருவருள் ஒருவர் பெருக்க, மற்றவர் இருந்தபடியே இருக்கிறார். 2002ஆம் ஆண்டில் லான்செட் இதழில் வெளியான ஆய்வொன்று, 123 சீன நோயாளிகளைப் பத்து வாரங்கள் கவனித்தது. செரட்டோனின் ஏற்பி ஒன்றுக்குரிய மரபணுவில் ஒரேயோர் எழுத்து மாறியிருந்தவர்களுக்கு எடை குறைவாகவே ஏறியது. பிற ஆய்வுகள் எல்லாம் இதே முடிவைத் தந்துவிடவில்லை. வேர் ஒன்றல்ல, பல.

அப்படியானால் மனிதன் மரபின் கைப்பொம்மையா? அவ்வாறு வாதித்த ஜபரிய்யாக் கூட்டத்தாரை நம் அறிஞர்கள் அன்றே மறுத்துவிட்டனர். நோயாளியும் நடக்கலாம், தெரிந்து உண்ணலாம். ஆனால் ஒரு படி அரிசி சுமந்தவனையும் ஒரு மூட்டை சுமந்தவனையும், யார் முதலில் வந்தார் என்று மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது நீதியன்று. மருந்துண்டும் மெலிந்தே இருப்பவர், அதைத் தம் தக்வாவின் பயனென எண்ணிக்கொள்வாரானால், அது இன்னும் வேடிக்கை.

ஏச்சுக்கு அஞ்சிய நோயாளி ஒருவருக்கும் சொல்லாமல் மருந்தை நிறுத்திவிடுவதும் உண்டு. உடல் இளைக்குமுன் நோய் திரும்பிவிடுகிறது. எடையை அவ்வளவாக ஏற்றாத மருந்துக்கு மாற்றுவதும், மெட்ஃபார்மின் சேர்ப்பதும் மருத்துவர் ஆராய்ந்து செய்யக்கூடியவை. வீட்டார் செய்யக்கூடியவை வேறு: மருந்து தொடங்கும் நாளிலேயே எடையைக் குறித்துவைத்து, ஏறுமுகம் கண்டவுடன் மருத்துவரிடம் காட்டுவது, அவருக்கு மட்டும் தனித்தட்டு வைத்து ஒதுக்காமல் ஒரே சஹனில் அமர்ந்து, அவருக்கு ஆகாததை அன்று எவருமே உண்ணாதிருப்பது.