விண்மீன் திரளைச் சாட்சிக்கு அழைக்கலாமா?

"ஸ்கூல்ல பிரபஞ்சத்துக்கு 1380 கோடி வயசுன்னு சொல்லிக் கொடுக்குறீங்க. இங்க ஆறு நாள்னு வாசிக்கிறோம். எது சார் உண்மை?" மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகள் விடாமல் கேட்கும் கேள்வி இது. வாரநாளில் இயற்பியலும் ஞாயிறன்று மறைக்கல்வியும் நடத்துகிற நான் இதைத் தட்டிக்கழிக்க முடியாது.

ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி எடுத்த படத்தில் ஜேட்ஸ்-ஜிஎஸ்-இசட்14-0 என்ற விண்மீன் திரள் ஒரு மங்கல் பொட்டு. பிரபஞ்சம் பிறந்து சுமார் 30 கோடி ஆண்டுகளே ஆகியிருந்தபோது அங்கிருந்து கிளம்பிய ஒளி அது. அண்டவெளி விரிந்துகொண்டே போனதால் அதன் அலைநீளம் சுமார் 15 மடங்கு நீண்டது. புற ஊதாவாகப் புறப்பட்டது அகச்சிவப்பாக வந்து சேர்ந்தது. 2025-இல் சிலியிலுள்ள ஆல்மா தொலைநோக்கி அந்தத் திரளில் ஆக்சிஜனைக் கண்டது. ஆக்சிஜன் விண்மீனுக்குள் உருவாவது. ஆக, அதற்கு முன்பே விண்மீன்கள் பிறந்து மடிந்திருக்கின்றன!

பிரபஞ்சத்துக்கும் ஒரு பிறப்பு உண்டு என்று கேட்டதும் விசுவாசியின் மனம் 'இதோ படைப்புக்கு ஆதாரம்' என்று துள்ளும். 1951 நவம்பரில் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், பிரபஞ்சத்துக்குத் தொடக்கம் உண்டு என்னும் அறிவியல் படைப்புக்குச் சாட்சி சொல்கிறது என்றே பேசினார். அந்தத் தொடக்கத்தைக் கணக்கில் கொண்டுவந்த பெல்ஜியக் குருவானவர் ஜார்ஜ் லெமைத்ர் அதில் மகிழவில்லை. தம் கோட்பாடு சமயக் கேள்விகளுக்கு வெளியே நிற்பது, கடவுளை மறுப்பவரும் அதை ஏற்கலாம் என்பது அவர் நிலை.

திருத்தந்தை பேசிய பத்தே மாதத்தில், ரோமில் கூடிய வானியலாளர் மாநாட்டில் வால்டர் பாடே புதுக்கணக்கு ஒன்றை வைத்தார். தூரத்தை அளக்க உதவும் செபீட் விண்மீன்களில் இரண்டு வகை உண்டு. அது தெரியாமல் அளந்ததால் விண்மீன் திரள்களின் தூரம் பாதியாகக் குறைந்துவிட்டது என்றார். தூரம் இரட்டித்தது, கூடவே பிரபஞ்சத்தின் வயதும் இரட்டித்தது. பழைய எண்ணைப் பிடித்துக்கொண்டு விசுவசித்தவர் என்ன செய்வார்?

வயது, அளந்து சொல்ல வேண்டிய விஷயம். இத்தனையும் ஏன் இருக்கிறது, இதற்கு யாருக்கு நன்றி சொல்வது என்பதற்குத்தான் தொடக்கநூல் பதில் சொல்கிறது. அதன் ஆறு நாள்களைப் புனித அகுஸ்தினாரே 1600 ஆண்டுகளுக்கு முன் சாதாரண நாள்களாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆகவே பிள்ளைகளிடம் சொல்கிறேன்: வயதைத் தொலைநோக்கியிடம் கேளுங்கள். நாளைக்கு அது வேறு எண் சொன்னாலும் கலங்காமல் எழுதிக்கொள்ளுங்கள். உண்மைக்குப் பயந்து செய்யும் செபம் ஆண்டவருக்குத் தேவையில்லை.