ஓசையும் அண்டை வீட்டாரின் ஹக்கும்

1918இல் முதல் உலகப்போர் ஓய்ந்தது. 1939இல் அடுத்தது மூண்டது. இடைப்பட்ட இருபத்தோரு ஆண்டுகளில் மதுரையின் ஓசையே மாறிப்போயிற்று. ஹார்வி மில்லின் சங்கு, பஸ்காரனின் ரப்பர் ஹாரன், கடைத்தெருக் கிராமபோன், 1931க்குப் பின் பேசும்படம், பிறகு ஒலிபெருக்கி. எங்கள் கோச்சடை அப்போது நகருக்கு வெளியே, வைகைக் கரையில் இருந்த கிராமம். இன்று அதுவும் மாநகராட்சிக்குள் வந்துவிட்டது; இரைச்சலும் உடன் வந்துவிட்டது.

1933இல் மறைந்த நாடகப் பாடகர் எஸ். ஜி. கிட்டப்பா ஒலிபெருக்கியின் துணையின்றிக் கொட்டகை நிறையப் பாடியவர். அவருடைய தொண்டைக்கும் ஓர் எல்லை இருந்தது. நகரா அடித்துவிட்டுப் பாங்கு சொன்ன மோதினாரின் தொண்டைக்கும் அப்படித்தான். அந்த எல்லை இறைவன் வைத்தது. அதைக் கருவி அழித்தது. நியூயார்க் நகரம் 1929இல் இரைச்சலை ஆராய ஒரு குழுவையே அமைத்துத் தெருத்தெருவாக அளந்து பார்த்தது. ஆனால், யார் யாருக்காக ஓசையைத் தணிக்க வேண்டும் என்பதை எந்தக் கருவி அளந்து சொல்லும்?

நம் நாட்டில் இக்கேள்வி பள்ளிவாசல் முன் மேளம் என்ற வடிவில் எழுந்தது. சேலத்துத் தகராறு ஒன்றில் சென்னை உயர்நீதிமன்றம் 1883லேயே தீர்ப்புச் சொல்லியிருந்தும், 1920களில் இதற்காகவே பல ஊர்களில் இரத்தம் சிந்தியது. “தொழும் நேரத்தில் அமைதி வேண்டும்” என்றோம். நியாயமான கோரிக்கைதான். ஆனால் இவ்வகை வழக்குகளில் பின்னாளில் ஓயாது எடுத்துக்காட்டப்பட்ட, 1924ஆம் ஆண்டுப் பிரிவி கவுன்சில் தீர்ப்பு யாருக்கும் யாருக்கும் நடந்த வழக்கில் வந்தது தெரியுமா? வடநாட்டு ஔரங்காபாத்தில் ஷியாக்களின் முஹர்ரம் ஊர்வலம் பள்ளிவாசலருகே நின்று மாத்தம் செய்தது. தொழுகைக்கு இடைஞ்சல் என்று சுன்னிகள் தடுத்தனர். வாதியும் முஸ்லிம், பிரதிவாதியும் முஸ்லிம்! நெடுஞ்சாலையில் ஊர்வலம் செல்ல உரிமை உண்டு, பிறர் உரிமைக்கும் அதிகாரிகளின் முறையான கட்டளைக்கும் அது உட்பட்டது என்று தீர்ப்பாயிற்று.

அதே காலத்தில் ஒலிபெருக்கி நம் மினாராவிலும் ஏறியது. சிங்கப்பூர் சுல்தான் பள்ளிவாசலில் 1936இல் பொருத்தினார்கள். அன்று அமைதி கேட்ட நாம், இன்று அதே அமைதியைப் பிறருக்குக் கொடுக்கிறோமா?

பாங்கைப் பற்றி நான் பேசவில்லை. அது அழைப்பு, சில நிமிடங்களில் முடிவது. பயானும் மௌலிதும் யாரை அழைக்கின்றன? வந்து அமர்ந்தவர்களுக்கு உள்ளே ஒரு பெட்டி போதாதா? உரத்துத் தக்பீர் சொன்ன தோழர்களிடம், நீங்கள் செவிடனையோ இங்கில்லாதவனையோ அழைக்கவில்லை என்று நபிகள் நாயகம் (ஸல்) உணர்த்தினார்கள். இஃதிகாபில் இருந்தபோது, ஓதுவோர் குரலை உயர்த்தி ஒருவரையொருவர் தொல்லைப்படுத்த வேண்டாம் என்றும் தடுத்தார்கள். கவனியுங்கள்: தடுக்கப்பட்டது பாட்டன்று, குர்ஆன் ஓதும் குரல்! குரலைத் தாழ்த்தும்படி லுக்மான் (அலை) தம் மகனுக்குச் சொன்ன புத்திமதியைத் திருக்குர்ஆனே எடுத்துச் சொல்கிறது.

இரவு பத்து முதல் காலை ஆறு வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாதென்பது 2000ஆம் ஆண்டு விதி. குடியிருப்புப் பகுதிக்கு இரவில் 45 டெசிபல் வரம்பு. கோயில் திருவிழாவுக்கும் அரசியல் கூட்டத்துக்கும் மட்டும் பார்த்தும் பாராமல் விடுகிறார்களே என்று நம்மவர் கேட்பதுண்டு. உண்மைதான். அவர்கள் மீறுவதால் நம் அண்டை வீட்டாரின் ஹக்கு குறைந்துவிடுமா?

கண்ணுக்கு இமை தந்த இறைவன் காதுக்குத் தரவில்லை. எங்கள் தெருவில் ஒரு மீலாது இரவு, பதினொரு மணிக்கு எதிர்வீட்டம்மா வாசலில் வந்து நின்றார். முஸ்லிமல்லாதவர். தோளில் பிறந்து சில நாட்களேயான பேரப்பிள்ளை. ஏசவில்லை. “அத்தா, பிள்ளை தூங்கி ரெண்டு மணி நேரமாச்சு, திடுக்கிட்டுத் திடுக்கிட்டு அழுவுது” என்றார். ஆலிம் பேச்சை நிறுத்தி, வெளிக் குழாயை அணைக்கச் சொன்னார். பின்வரிசையில் இருந்தவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். பயான் தொடர்ந்தது.