அறுத்தலும் கட்டுதலும் அறமாகுமோ?

புதுக்கோட்டை மாவட்டத்தில் பணியின் பொருட்டு வாழ்ந்துவரும் நம் சமயக் குடும்பம் ஒன்றிலிருந்து நமக்கு ஒரு வினா வந்துள்ளது. அவர்கள் வளர்க்கும் நாய் 35 கிலோ எடையுள்ளது, வயது ஐந்து, ஓடுவதிலும் தாவுவதிலும் ஓயாத விருப்பமுடையது. அதன் பின்னங்கால் ஒன்றில் முழங்கால் ஜவ்வு அறுந்துவிட்டது. அறுவை மருத்துவம் செய்வதே நலம் என்று கால்நடை மருத்துவர் கூறியிருக்கிறார். வீட்டின் முதியவரோ, "வாயில்லா உயிரின் எலும்பில் கத்தி வைப்பது இம்சையன்றோ? அதன் வினையை அது நுகரட்டும்" என்கிறார். இளையோர், "நொண்டிக் கிடக்க விடுவது மட்டும் அகிம்சையாகுமா?" என்கின்றனர். இரு சாராரும் அறத்தின் பெயராலேயே பேசுகின்றனர். இம்சை என்பது செயலின் வடிவில் உள்ளதா, செய்வோர் உள்ளத்தில் உள்ளதா என்னும் பழைய வினாவே இங்குப் புதிய கோலத்தில் வந்து நிற்கிறது. ஆகவே நாய் வளர்க்காத இல்லத்தாரும் இதனை உடன் எண்ணிப் பார்த்தல் தகும்.

முதற்கண் நோயை அறிதல் வேண்டும். தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் கூடும் மூட்டினுள்ளே இரண்டு ஜவ்வுகள் ஒன்றையொன்று குறுக்கிட்டு அமைந்துள்ளன. அவற்றுள் முன்புறத்தது, கீழ்க்கால் எலும்பு முன்னோக்கி வழுவாமல் பிடித்து நிறுத்துவது. நாயின் கீழ்க்கால் எலும்பினுடைய மேற்பரப்பு பின்னோக்கிச் சரிந்திருக்கும். நிற்கும்போதும் அதன் முழங்கால் சற்று மடங்கியே இருக்கும். ஆதலால் காலை ஊன்றும் ஒவ்வொரு முறையும் அந்த ஜவ்வு இழுபடுகிறது. சரிவான பாறையில் கைப்பிடிக் கம்பியைப் பற்றி நடப்பவரை எண்ணிப் பார்ப்போம். கம்பி அற்றுப்போனால் அடிதோறும் சறுக்கல்தான். ஜவ்வு அறுந்த நாயின் நிலையும் அதுவே.

மனிதர்க்கு இந்த ஜவ்வு பெரும்பாலும் விளையாட்டிலோ விபத்திலோ ஒரே கணத்தில் அறுகிறது. நாய்க்கோ அது பல மாதங்களாக நைந்து, பின்னர் ஒரு சிறு துள்ளலில் அறுவதே மிகுதி. ஒரு காலில் அறுந்த நாய்களுள் ஏறத்தாழப் பாதிக்குப் பின்னர் மறு காலிலும் அறுவது இதனால்தான். மூட்டு சறுக்கச் சறுக்க இடையிலுள்ள பிறை வடிவக் குருத்தெலும்பு கிழிகிறது; மூட்டு தேய்ந்து வாதம் பற்றுகிறது. நாய் கத்தாததால் வலி இல்லை என்று எண்ணற்க. காலை ஊன்ற மறுப்பதும், அமரும்போது காலை ஒருபுறம் ஒதுக்கி நீட்டுவதும் அதன் முறையீடுகள்.

இனி, மருத்துவ வழிகள். மூட்டின் வெளிப்புறத்தில் வலிய நைலான் இழையைக் கட்டி ஜவ்வின் வேலையைச் செய்வித்தல் ஒன்று. கீழ்க்கால் எலும்பின் தலைப்பகுதியை அறுத்துச் சற்றுச் சுழற்றி, சரிவைக் குறைத்து, உலோகப் பிளேட்டும் ஸ்குரூவும் வைத்துப் பொருத்துதல் மற்றொன்று. இதனை அமெரிக்கக் கால்நடை மருத்துவர் பார்க்ளே ஸ்லோக்கம் 1993இல் வெளியிட்டார். பாறையின் சரிவையே சமப்படுத்திவிட்டால் கம்பியின்றியும் நடக்கலாம் என்பது போன்றது அம்முறை. மூன்றாவது, கத்தியின்றி ஓய்வு, எடைக் குறைப்பு, வலி மருந்து, அளவான நடைப்பயிற்சி ஆகியவற்றால் காப்பது.

கத்தியில்லா வழி எல்லா நாய்க்கும் ஒரே பயனைத் தருவதன்று. 1984இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், அறுவையின்றி விடப்பட்ட நாய்களுள் 15 கிலோவும் அதற்குக் குறைவும் உள்ளவற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ 85 தேறின. அதற்கு மேற்பட்ட எடையுள்ளவற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ 19 மட்டுமே தேறின. ஆயினும் 2013இல் வெளியான மற்றோர் ஆய்வு, எடை மிகுந்த பெரிய நாய்களுக்கு உடலிளைப்பும் முறையான பயிற்சியும் சேர்த்துக் கொடுத்தபோது, ஓராண்டின் முடிவில் அறுவை பெற்றவற்றுள் நான்கில் மூன்று பங்கும், பெறாதவற்றுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கும் நலமடைந்ததாகக் காட்டுகிறது. பெரிய நாய்க்கு அறுவையே மேல். ஆனால் அறுவையின்மை என்பது கைவிடுதல் ஆகவேண்டியதில்லை. ஒன்றும் செய்யாமல் விடுவதும் கத்தியின்றிப் பேணுவதும் வேறு வேறு என்பதை மனத்திற் கொள்ளல் வேண்டும்.

இப்போது அறநூல்களுக்கு வருவோம். இல்லறத்தாரின் கொல்லாமை விரதத்திற்கு நேரும் குற்றங்கள் ஐந்து என்று வடமொழியில் தத்துவார்த்த சூத்திரமும் சமந்தபத்திரரின் இரத்தினகரண்டக சிராவகாசாரமும், தமிழில் அருங்கலச்செப்பும் வகுத்துள்ளன. உயிர்களைக் கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பறுத்தல், அளவுக்கு மிஞ்சிய பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் என்பன அவை. சிறு வயதிலேயே நம்மிற் பலர் மனனம் செய்த பட்டியல் இது.

இப்பட்டியலை அந்த நாயின் முன் வைத்துப் பார்த்தால் ஒரு வியப்பு தோன்றும். மருத்துவர் கூறும் தீர்வில் எலும்பை அறுத்தல் உண்டு. அறுவைக்குப் பின் எலும்பு கூடும் வரை எட்டு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஓடவோ குதிக்கவோ மாடிப்படி ஏறவோ விடாமல் சிற்றறையிலும் வாரிலும் கட்டிவைத்தல் உண்டு. எடை குறைய உணவைச் சுருக்குதலும் உண்டு. ஐந்து குற்றங்களுள் மூன்று, புறத்தோற்றத்தில், இங்கு மருந்தாகி நிற்கின்றன. நான்காவதாகிய மிகைப்பாரமோ நோய் வருவதற்கு முன்பே அந்த வீட்டில் நிகழ்ந்திருக்கக் கூடும். வண்டியில் ஏற்றினால்தான் பாரம் என்பதில்லை. அன்பினால் வேளைதோறும் நெய்ச்சோறும் பிஸ்கட்டும் ஊட்டி, 28 கிலோ இருக்கவேண்டிய உடலை 35 கிலோ ஆக்கினால், அந்த 7 கிலோவும் நாம் அதன் முழங்கால் மேல் ஏற்றிய பாரமே. நான்கு காலால் நடக்கும் அவ்வுயிர் அதனை இறக்கி வைக்கவும் அறியாது.

இது வெறும் உவமை அன்று. 48 லாப்ரடார் நாய்களை இரண்டிரண்டாகப் பிரித்து, இணையில் ஒன்றுக்கு மற்றதைவிட நூற்றுக்கு 25 பங்கு குறைத்து உணவளித்து, வாழ்நாள் முழுதும் கண்காணித்த ஆய்வொன்று 2002இல் வெளிவந்தது. குறைவாக உண்டவை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தன. மூட்டு வாதமும் அவற்றுக்குப் பிந்தியே வந்தது. கருணை என்று நாம் கருதிய ஊட்டல் பாரமாகவும், கொடுமை என்று கருதிய சுருக்கல் காவலாகவும் முடிகின்றன.

அப்படியானால் பட்டியல் பொய்யா? இல்லை. தத்துவார்த்த சூத்திரம் இம்சைக்கு இலக்கணம் கூறுமிடத்தில், பிரமாதத்தோடு கூடிய செயலால் உயிருக்கு ஊறு செய்தலையே இம்சை என்கிறது. பிரமாதம் என்பது கசாயங்களின் வசப்படுதல், கவனமின்மை, பொறுப்பின்மை. அந்நூலுக்குச் சர்வார்த்தசித்தி என்னும் உரை கண்ட பூச்சியபாதர், கருணை மிக்க மருத்துவன் ஒருவன் முனிவரின் கட்டியைக் கீறும்போது வலி உண்டாயினும், அப்புறக் காரணத்தால் மட்டும் அவனுக்குப் பாவம் சேர்வதில்லை என்று விளக்குகிறார். கத்தி அன்று, கத்தி பிடித்த கையின் பின்னுள்ள எண்ணமே வினையைக் கட்டுகிறது. எனவே முதியவரின் முதல் ஐயத்திற்கு ஆகமத்திலேயே விடை உளது.

ஆனால் இந்த விடையை எளிதாக எடுத்துக்கொண்டு நடத்தல் கூடாது. முனிவர் தம் நோயைத் தாமே அறிவார். மருத்துவனைத் தடுக்கவும் வல்லவர். நாய் அவ்வாறன்று. அதன் சம்மதம் நமக்குக் கிட்டாது. ஆதலால் எண்ணத்தைச் சோதிக்கும் கடமை நமக்கு இரட்டிப்பாகிறது. நாய் முன்போல் ஓடுவதைக் கண்டு நாம் மகிழவேண்டும் என்பதற்காகவா, தோட்டக் காவல் தடைபடக்கூடாது என்பதற்காகவா, ஊரார் மெச்சவேண்டும் என்பதற்காகவா, அல்லது அதன் வலி நீங்கவேண்டும் என்பதற்காகவா? முதல் மூன்றும் நம் பற்றின் கிளைகள். அறுவையை மறுப்பவரும் இவ்வாறே தம்மை வினவுதல் நன்று: மறுப்பது கருணையாலா, செலவுக்கு அஞ்சியா, பன்னிரண்டு வாரத் தொல்லைக்குச் சோம்பியா? அகிம்சையின் பெயரை உலோபம் அணிந்துகொள்வது உலகில் அரிதன்று.

"அதன் வினை அது நுகரட்டும்" என்பது அடுத்த தடை. அசாதாவேதனீய வினையின் பயன் அந்த உயிருக்கு வந்தது உண்மை. ஆனால் வினை புறக்காரணங்களைத் துணைகொண்டே பயன் தருகிறது. மருத்துவமும் ஒரு புறக்காரணமே. அன்றியும் அதன் வினையை எண்ணி வாளா இருப்பவன் தன் புதுவினையைக் கணக்கிட மறந்துவிடுகிறான். உணவு, மருந்து, நூல், அடைக்கலம் என நான்கு தானங்களை நம் முன்னோர் வகுத்தபோது, நோயாளியின் வினையை எண்ணி மருந்துத் தானத்தை விலக்கவில்லை.

"மனிதர்க்கே மருந்தில்லாதபோது நாய்க்கு இத்துணைச் செலவா?" என்னும் வினாவும் எளிதில் தள்ளத்தக்கதன்று. வீட்டுப் பிள்ளையின் கல்வியையோ முதியவரின் மருந்தையோ நிறுத்தி நாய்க்கு அறுவை செய்யவேண்டும் என்று எந்த அறமும் கட்டளையிடவில்லை. ஆற்றலுக்கேற்ப அளித்தலே தானம். அதே வேளை, தெருவில் தன்போக்கில் வாழும் உயிருக்கும், நாம் விரும்பிக் கொணர்ந்து கட்டுத்தறியில் வைத்த உயிருக்கும் வேறுபாடு உண்டு. பின்னதற்கு நாம் கடன்பட்டவர்கள். 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டமும் விலங்கைத் தன் பொறுப்பில் கொண்டவர்மீது அதன் நலம் பேணும் கடமையைச் சுமத்துகிறது. சட்டம் வருமுன்பே நம்மவர் இதனை உணர்ந்திருந்தனர். 1832இல் பம்பாயில் தெருநாய்களைக் கொல்லும் ஆணையை எதிர்த்துப் பார்சி மக்கள் கிளர்ந்தெழுந்தபோது சமணரும் இந்துக்களும் அவர்களோடு நின்றனர். அதன்பின் 1834இல் ஜாம்செட்ஜி ஜீஜீபாயும் சமண வணிகர் மோதீசந்த் அமீசந்தும் முன்னின்று அங்குப் பாஞ்சராப்போல் என்னும் விலங்குக் காப்பகத்தை நிறுவினர்.

இன்னொரு யோசனையும் சிலர் கூறக்கூடும்: "இத்துன்பத்தில் வைத்திருப்பதைவிட ஊசி போட்டு உயிரை விடுவித்துவிடலாமே." முழங்காலுக்காக உயிரை விலையாகக் கேட்கும் இந்த இரக்கத்தை நம் நெறி ஏற்பதில்லை. துன்புறும் உயிரைக் கொன்று துன்பத்தினின்று விடுவிக்கலாம் என்னும் கருத்தைப் புருஷார்த்த சித்தியுபாயத்தில் அமிர்தசந்திரர் வெளிப்படையாகவே மறுத்துள்ளார். திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியில், அடியுண்டு உயிர் துடிக்கும் நாயைக் கண்ட சீவகன் ஐம்பத மந்திரத்தை அதன் செவியில் ஓதுகிறான். அந்நாய் சுதஞ்சணன் என்னும் தேவனாகிறது. மருந்து பயன்படாத எல்லையிலும் அவன் அதன் உயிரைப் பறிக்கவில்லை என்பது நாம் கருதத்தக்கது.

புதுக்கோட்டை மாவட்டத்திலேயே இதற்கு வேறொரு சான்றும் உண்டு. சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்துக் கற்படுக்கைகள் உண்ணா நோன்பேற்ற முனிவரையும் நினைவூட்டுவன. சல்லேகனை ஏற்பவர் அறிந்து, விரும்பி, தம் உடலைத் தாமே துறக்கிறார். அத்துறவைப் பிறர் அவர்க்காகச் செய்தல் இயலாது. வாயில்லா உயிர்க்காகச் செய்தல் அதனினும் இயலாது. அதே குன்றின் மறுபுறத்து அறிவர் கோயில் விதானத்தில் தீட்டப்பெற்ற தாமரைத் தடாகத்தைச் சமவசரணத்தின் ஒரு பகுதி என்று அறிஞர் விளக்குகின்றனர். யானையும் எருமையும் மீனும் பறவையும் அங்கு உள்ளன. அருகப்பெருமானின் அப்பேரவையில் பன்னிரண்டு பகுதிகள் உண்டு. அவற்றுள் ஒன்று விலங்குகளுக்கு உரியது. மனமுடைய ஐம்பொறி உயிர் நற்காட்சியும் பெறக்கூடும் என்பது நம் சித்தாந்தம். பேரவையில் இடம்பெற்ற உயிர் நம் வீட்டுத் திண்ணையில் நொண்டிக் கிடக்கையில், "நாய்தானே" என்று கடந்து செல்லுதல் நமக்கு அழகன்று.

ஆகவே நாம் கண்ட முடிவுகளை வரிசைப்படுத்திக் கூறுகிறோம். முதலாவது, நோயை ஐயமறத் தெளிதல். சென்னையில் 1903இல் தோன்றிய கால்நடை மருத்துவக் கல்லூரியும், புதுக்கோட்டைக்கு அண்மையில் ஒரத்தநாட்டில் 2012இல் தொடங்கப்பெற்ற கல்லூரியும் உள்ளன. வாய்ப்புள்ளோர் அத்தகைய இடத்தில் மற்றொரு மருத்துவரின் கருத்தையும் கேட்கலாம். நாம் உண்ணும் வலி மாத்திரைகளைத் தாமே கொடுத்தல் கூடாது. அவற்றுட் சில நாய்க்கு நஞ்சு. இரண்டாவது, நாய் பெரியதும் துள்ளல் மிக்கதும் ஆகி, மயக்க மருந்தைத் தாங்கும் உடல்நலமும் கொண்டு, செலவும் தாங்கத் தக்கதாயின் அறுவை செய்தலே அறம். மூன்றாவது, அறுவையின் பின்வரும் வாரங்களைக் காக்க வீட்டில் ஆள் இல்லையெனில் அறுவையை மேற்கொள்ளல் கூடாது. காவலற்ற அறுவை, அறுத்தலோடு நின்றுவிட்ட குற்றமாகும். நான்காவது, அறுவைக்கு இயலாதோர் எடைக் குறைப்பையும் ஓய்வையும் மருந்தையும் தளராது நடத்துவாராயின் அவர்மீது பழியில்லை. ஐந்தாவது, எவ்வழி கொண்டாலும் தட்டில் வைக்கும் உணவை அளந்து வைத்தல்.

இவ்வைந்தனுள் மூன்றாவதே கடினமானது. மருத்துவன் கத்தி பிடிப்பது சில மணி நேரம். வீட்டார் வார் பிடிப்பது மூன்று திங்கள். ஓடத் துடிக்கும் உயிரை நாள்தோறும் மெல்ல நடத்தி, அது ஏங்கிப் பார்க்கும்போதும் மனம் இளகாமல், சினமும் கொள்ளாமல் காத்தல் ஒரு நோன்புக்கு ஒப்பானது. கட்டிவைத்தல் என்னும் குற்றம் அங்கே காவல் என்னும் குணமாக மாறுகிறது. அம்மாற்றத்தைச் செய்வது கயிறு அன்று. கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருப்பவரின் விழிப்பு.

உயிர்கள் அனைத்தும் நோயின்றி வாழ்க! அறம் வளர்க!