நானூறு மாடுகளும் நம்முடைய முதல் வேலையும்



போன விடுமுறையில் ஒரு பொறியியல் ஆலோசனை நிறுவனத்தில் தொழில் பயிற்சிக்குப் போயிருந்தேன். கட்டடங்களுக்கு மின்சார வடிவமைப்பு செய்கிற இடம். இரண்டாவது வாரம், என்னைக் கவனித்துக்கொண்ட எஞ்சினியர் அண்ணன், ஒரு மாடிக்கான கேபிள் அளவுகளைக் கணக்குப் போடச் சொன்னார். "ரெண்டு நாள் எடுத்துக்க தம்பி" என்றார்.

எனக்கு ரெண்டு மணி நேரம்கூட தேவைப்படல. ஏஐ-கிட்ட கொடுத்தேன், அட்டவணை அழகா வந்துச்சு. மத்தியானமே அனுப்பிட்டேன்.

அண்ணன் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இந்த ஒன்பது கேபிளும் ஒரே ட்ரேயிலதானே போகுது? அதை எங்க கணக்குல எடுத்திருக்க?"

நான் முழிச்சேன். கேபிள்கள் நெருக்கமாகப் போனால் ஒன்றின் சூடு மற்றொன்றை ஏற்றும்; ஒவ்வொன்றும் தாங்கும் மின்னோட்டம் குறையும். அதை விட்டுவிட்டால் நாளடைவில் உறை கெட்டுத் தீ விபத்தில்கூட முடியலாம். வகுப்பில் படித்ததுதான். ஆனால் ட்ரேயைப் பற்றி ஏஐ-கிட்ட நான் சொல்லவே இல்லை.

"நீயே போட்டதா?" என்று கேட்டார். 'ஆமா, மறந்துட்டேன்' என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அப்போதுதான் சமய வகுப்பில் கேட்ட சத்தியகாமன் கதை நினைவுக்கு வந்தது.

சாந்தோக்ய உபநிடதத்தில் வரும் சிறுவன் அவன். கௌதமர் என்ற குருவிடம் படிக்கப் போனான். "உன் கோத்திரம் என்ன?" என்று கேட்டார். தன் தாய்க்கே தெரியாது என்று மறைக்காமல் சொன்னான். உண்மையிலிருந்து விலகாத அந்தப் பிள்ளையைக் குரு ஏற்றுக்கொண்டார்.

பிறகு என்ன பாடம் நடத்தினார் தெரியுமா? ஒன்றுமே இல்லை. மெலிந்த 400 மாடுகளைக் கொடுத்து மேய்க்க அனுப்பினார். ஆயிரம் ஆகாமல் திரும்ப மாட்டேன் என்று போனவன், பல வருடம் காட்டில் கிடந்தான். அங்கேதான் காளை, அக்கினி, அன்னம், நீர்ப்பறவை என்று ஒவ்வொன்றும் அவனுக்குப் பிரம்மத்தைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தன.

இன்றைய பேச்சில் சொன்னால், மாடு மேய்ப்பது ஓர் 'எண்ட்ரி லெவல்' வேலை. ஞானமோ அந்த வேலையின் வழியில்தான் வந்தது. வேறு யாராவது மேய்த்திருந்தாலும் மாடுகள் ஆயிரம் ஆகியிருக்கும். ஆனால் சத்தியகாமன் சத்தியகாமனாக ஆகியிருக்க மாட்டான்.

நான் உண்மையைச் சொன்னேன். அண்ணன் திட்டல. மறுநாள் சைட்டுக்குக் கூட்டிப்போய் ட்ரேயைக் காட்டினார். "இந்த வேலையை மிஷின்கிட்ட கொடுத்தா எனக்கும் சுலபம்தான். ஆனா பத்து வருஷம் கழிச்சு, அது போட்ட கணக்கு சரியான்னு பார்க்க யார் இருப்பா?" என்றார். அடுத்த ரெண்டு நாளும் கையாலேயே கணக்குப் போட்டேன்.

இது என் ஒருவனுடைய பிரச்சினை இல்லை. 2025-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சம்பளப் பதிவுகளை ஆராய்ந்தார்கள். ஏஐ-யின் தாக்கம் அதிகமுள்ள வேலைகளில், 22 முதல் 25 வயதுக்காரர்களின் வேலைவாய்ப்பு மற்றவர்களோடு ஒப்பிடும்போது சுமார் 13 விழுக்காடு குறைந்திருப்பதாக எழுதினார்கள். அதே வேலைகளில் அனுபவசாலிகளுக்கு அந்தச் சரிவு இல்லை. நாளை நமக்கு மேய்க்க மாடே கிடைக்காமல் போகலாம் என்ற பயம் நியாயமானதுதான்.

அதனால்தான் சொல்கிறேன்: கிடைக்கிற மாடுகளை விட்டுவிடாதீர்கள். ஏஐ-யை ஒதுக்க வேண்டியதில்லை; நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் முதலில் நீங்களே போட்டுப் பாருங்கள், பிறகு அதோடு ஒப்பிடுங்கள். புரியாததைப் புரிந்ததுபோல் காட்டாதீர்கள். சத்தியகாமன் அவ்வளவு கற்ற பிறகும், குருவிடமிருந்து கற்பதே சிறந்தது என்று கௌதமரிடம் பணிந்து கேட்டான். நாமும் பக்கத்து மேசையில் இருக்கிற மூத்தவரிடம் கூச்சப்படாமல் கேட்போம்.

ஏற்கெனவே வேலையில் இருக்கும் அண்ணன்மார், அக்காமார்களே, உங்களிடமும் ஒரு விண்ணப்பம். மிஷின் சீக்கிரம் முடித்துவிடும் என்று தெரிந்தாலும், புதிதாக வரும் தம்பி தங்கைகளுக்கு நாலு மாடாவது கொடுங்கள்.