விதியா? வீதியா?

2024 ஜூன் திங்களில், கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும், மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. மாண்டோரிற் பலர் அன்றாடக் கூலிகள். தாயையும் தந்தையையும் ஒருங்கே இழந்து நின்ற பிள்ளைகளும் உண்டு.

அழுகுரல் அடங்குமுன்பே இரு குரல்கள் எழுந்தன. “குடித்துச் செத்தவனுக்குக் கண்ணீர் எதற்கு?” என்றது ஒன்று. “அவன் தலையெழுத்து!” என்றது மற்றொன்று. முன்னது வெறுப்பு, பின்னது வேதாந்தம். இரண்டும் செய்யும் வேலை ஒன்றே. பேசுகிறவனைப் பொறுப்பிலிருந்து விடுவித்து விடுகின்றன!

போதைக்கு அடிமையாதல் பிறவிக் குணமா? பிரமன் எழுதிய எழுத்தா? கேட்டுப் பார்ப்போம், வரலாற்றை.

வியட்நாம் போர்க்களத்திலே அமெரிக்க வீரர்கள். எதிரே சாவு, வீடோ கடலுக்கப்பால், ஹெராயினோ கைக்கெட்டும் தொலைவில், மலிவாக! 1971-இல் நாடு திரும்பிய வீரர்களை லீ ராபின்ஸ் எனும் அம்மையார் ஆராய்ந்தார். ஏறத்தாழ ஐவரில் ஒருவர் அங்கே அடிமைப்பட்டிருந்தனர். அந்த அடிமைகளுள், தாயகம் திரும்பிய முதலாண்டில் மீண்டும் அடிமைப்பட்டோர் எத்தனை பேர்? நூற்றுக்கு 5 பேர் அளவே! திரும்பியபின் சிகிச்சை பெற்றோரும் மிகச் சிலரே.

பிரமன் எழுதிய எழுத்தாயின், விமானம் ஏறியதும் அழிந்துவிடுமோ? அழிந்தது எழுத்தன்று, மாறியது சூழல்.

இங்கேதான் நம் நெஞ்சைத் தொடும் கேள்வி பிறக்கிறது. அந்த வீரன் விமானம் ஏறினான். நம் கூலியாள் எங்கே ஏறுவான்? அவனுடைய போர்க்களம் அவன் வாழும் வீதியே! அதே முதுகுவலி, அதே கடன், அதே கடை. மருத்துவமனையில் மீண்டு வந்தாலும், கால்கள் திரும்புவது அதே வீதிக்குத்தானே?

“அப்படியாயின் குடிப்பவனுக்குப் பொறுப்பே இல்லையோ?” என்பர். உண்டு, ஐயமில்லை. மனைவியின் கூலியைப் பறித்தவன், பிள்ளையின் பசியை மறந்தவன், பதில் சொல்லியே தீரவேண்டும். ஆயினும், கைப்பிடிச்சுவரற்ற கிணற்றை ஊர் நடுவே விட்டுவைத்து, விழுந்தவனை மட்டும் ஏசுவது அறமாகுமா? அவன் நீந்தவேண்டும் என்பது மெய். கயிறு வீசவேண்டியவர் கரையில் நிற்போர் என்பதும் மெய்.

நெடுநாட் குடியைத் திடீரென நிறுத்தினால் கை நடுங்கும், வலிப்பும் வரக்கூடும். அது உடலைப் பற்றிய நோய். வலிப்பை வசையால் தீர்த்த வைத்தியர் உண்டா? கோயிலில் கயிறு கட்டிச் சத்தியம் வாங்கிவிட்டால் நரம்பு கேட்குமா? மருந்து வேண்டும், மீண்டவனுக்கு வேலை வேண்டும், மாலைப் பொழுதைக் கழிக்க மதுக்கடையன்றி மன்றமொன்று, படிப்பகமொன்று வேண்டும், தெருவில் அவனை மனிதனாக மதித்து அழைக்கும் குரலொன்றும் வேண்டும்.

விதியை மாற்ற இயலாது என்று கைகட்டி நிற்போர் நிற்கட்டும். வீதியை மாற்ற இயலும். அது நாம் போட்ட வீதி!