தர்மர் உரிமம் கேட்கவில்லை

வீவக வீட்டில் பூனை வளர்க்க 1989 முதல் இருந்த தடை 2024 செப்டம்பர் 1-ல் நீங்கியது. நல்ல செய்திதான். ஆனா கூடவே உரிமம், மைக்ரோசிப், வீட்டுக்கு இரண்டு பூனை என்ற வரம்பும் வந்தது. உரிமம் 2026 ஆகஸ்ட் 31 வரை இலவசம், அப்புறம் கட்டணம்.

சிப் வைக்கிறதை நான் எதிர்க்கலை. தொலைந்த பூனை வீடு திரும்ப அது உதவும். பக்கத்து வீட்டுக்காரர் நிம்மதியும் முக்கியம், புளோக்கில் வாழ்றவங்களுக்குத் தெரியும்! எனக்கு உறுத்துறது வேற. சட்டத்தின் முதல் கேள்வி, இதன் உரிமையாளர் யார் என்பது. மகாபாரதத்தில், நாயை விட்டுட்டு வந்தால்தான் சொர்க்கம் என்று இந்திரன் சொன்னபோது தர்மர் மறுத்தார். அந்த நாய் அவர் வளர்த்தது இல்லை; நம்பிக் கூடவே வந்தது, அவ்வளவுதான்.

லிட்டில் இந்தியா சந்தில் அடிபட்டுக் கிடக்கிற குட்டியை ஒருத்தர் வீட்டுக்கு எடுத்துட்டு வர்றார். ஏற்கெனவே இரண்டு இருந்தால், அவர் வரம்பைத் தாண்டியவர். பார்த்தும் பார்க்காமல் போனவர் மேல் ஒரு குறையும் இல்லை. இது என்ன நியாயம்? பதிவு இருக்கட்டும். தெருவில் காப்பாற்றிய உயிருக்குக் கட்டணம் மட்டும் வேண்டாம்; அந்த மூன்றாவதுக்கும் வழி விடுங்க.